கம்பவுண்டர் பதில்கள்: ஜிஎச்சுக்குப் போற காசும் ஜனங்க மனசும்

போன இதழ்ல அரசு ஆஸ்பத்திரி பத்தி என்ன கேக்கணும்னாலும் எழுதுங்கன்னு ஒரு வரி போட்டோம், அவ்ளோதான், ஆபீஸ் மெயில் நிறைஞ்சுபோச்சு. பாதி திட்டு, மிச்சத்துல கொஞ்சம் அழுகை, கொஞ்சம் "எங்கப்பா உயிரைக் காப்பாத்துன டாக்டரம்மாவுக்கு நன்றி போடுங்க"ன்னு. பேரு, ஆஸ்பத்திரி எதையும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன், சில பேருக்கு அதுவும் வேண்டாம்னுட்டாங்க. என்னை இன்னும் கம்பவுண்டர்னே கூப்பிடுறீங்க, நான் மருந்தாளுநரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், ஆனா அந்தப் பேரும் நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்.

ஐயா, பட்ஜெட்ல ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கிட்டோம்னு வருஷா வருஷம் சொல்றாங்க. எங்கம்மாவை அட்மிட் பண்ணப்ப கட்டில் இல்லாம தரையில பாய் விரிச்சுப் படுக்க வச்சாங்க. அந்தக் காசெல்லாம் எங்கதான் போகுது? – தென்மாவட்ட வாசகர்

தம்பி, கோடின்னு சொன்னா நமக்குத் தலை சுத்துதுல்ல, அதை ஆளுக்குப் பிரிச்சுப் பாத்தாத்தான் விவரம் புரியும். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி ரூபா. நம்ம ஜனத்தொகை ஏழரை கோடிக்கு மேல. வகுத்துப் பாருங்க, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,800 ரூபா சொச்சம், நாளைக்கு சுமார் 8 ரூபா. டவுன்ல ஒரு டீ கூட அந்த விலைக்கு இல்ல. அந்த 8 ரூபாயிலதான் டாக்டர் நர்ஸ் சம்பளம், மாத்திரை, குளுக்கோஸ் பாட்டில், 108 வண்டி, மெடிக்கல் காலேஜ் பில்டிங்கு, காப்பீட்டு பிரீமியம், கர்ப்பிணிகளுக்குக் குடுக்குற 18,000 ரூபா முத்துலட்சுமி ரெட்டி உதவி எல்லாமே. இதுல பெரும்பங்கு சம்பளத்துக்கே போயிடும், அதைத் தப்புன்னு சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரின்னாலே ஆளுங்கதான, ஆனா கட்டில் வாங்க, பாத்ரூம் குழாய் மாத்த, லிஃப்ட் ரிப்பேர் பண்ணன்னு வர்றப்ப மிச்சம் இருக்கறது சொற்பம்.

மத்திய அரசு 2017-ல தேசிய சுகாதாரக் கொள்கைன்னு ஒண்ணு போட்டாங்க. 2025-க்குள்ள அரசோட சுகாதாரச் செலவு நாட்டோட ஜிடிபில, அதான் மொத்த உற்பத்தி மதிப்புல, 2.5 சதவீதம் ஆகணும்னு அதுல எழுதியிருக்கு. 2021-22 கணக்குப்படி அது 1.84 தான், அதுவும் கொரோனாவுக்குன்னு வாரி இறைச்ச வருஷம் அது. அதே கொள்கையில மாநிலங்கள் தங்களோட பட்ஜெட்ல 8 சதவீதத்துக்கு மேல சுகாதாரத்துக்குக் குடுக்கணும்னும் இருக்கு, நம்ம ஆளுங்க 5 சதவீதத்தைச் சுத்தி நிக்கிறாங்க. டாஸ்மாக்ல வருஷத்துக்கு 45,000 கோடிக்கு மேல வசூல் பண்ற ஊர்ல ஆஸ்பத்திரிக்கு அதுல பாதி கூட இல்லங்கறதை நான் சொன்னா அரசியல் பேசுறான்னு சொல்லுவீங்க, பரவால்ல சொல்லிட்டேன்.

ஆனா தரையில படுக்க வைக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. பிரைவேட்டுல பெட் ஃபுல் ஆச்சுன்னா "பெட் இல்ல, வேற எங்கயாவது பாருங்க"ன்னு வாசல்லயே அனுப்பிடுவாங்க. ஜிஎச் அப்படி அனுப்ப முடியாது, வந்தவங்களைச் சேர்த்துத்தான் ஆகணும். வார்டுக்கு அனுமதிச்ச பெட் 40-ன்னா மழைக்கால டெங்கு சீசன்ல 70 பேர் இருப்பாங்க, ஆனா அந்த வார்டுக்குப் போட்ட நர்ஸ் 40 பெட் கணக்குக்குத்தான், பல இடத்துல அதுக்கும் கம்மி. உங்கம்மாவைத் தரையில படுக்க வச்சது கொடுமைதான், இல்லன்னு சொல்லல, ஆனா வெளிய அனுப்பலையே. 2022 ஜனவரியில ஒரே நாள்ல 11 புது அரசு மெடிக்கல் காலேஜ் தொறந்தாங்க, நல்ல விஷயம், மாவட்ட தலைமை மருத்துவமனை எல்லாம் காலேஜ் ஆஸ்பத்திரியா மாறுச்சு, போர்டு மாறின வேகத்துல ஆள் போட்டாங்களான்னு கேட்டா... ஆசிரியர் பற்றாக்குறைன்னு தேசிய மருத்துவ ஆணையம் நோட்டீஸ் விடுற செய்தியை நீங்களே பேப்பர்ல பாத்திருப்பீங்க.

ஜிஎச் மாத்திரை பவர் கம்மி, வெளிய வாங்குனாத்தான் கேக்கும்னு எங்க வீட்ல எல்லாரும் சொல்றாங்க. சுகர் மாத்திரை அங்க வாங்கலாமா வேண்டாமா? – வாசகி, சேலம்

வாங்கலாம்மா, தாராளமா வாங்கலாம். இது என் ஏரியா, கொஞ்சம் விரிவா சொல்றேன், சகிச்சுக்கோங்க.

1994-க்கு முன்னாடி அரசு ஆஸ்பத்திரி மருந்து கொள்முதல்னா பெரிய கூத்து. பழைய ஸ்டோர் ஆளுங்க சொல்லுவாங்க, வேண்டாத மருந்து பீரோ நிறைய கெடக்கும், வேண்டியது இருக்காது, வருஷக் கடைசியில பணத்தைச் செலவு பண்ணியாகணும்னு எதையாவது வாங்கிப் போடுவாங்களாம். 1994-ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மாநிலத்துக்கே ஒரே டெண்டர், கம்பெனி பேர் இல்லாம மருந்தோட ஜெனரிக் பேர்லயே வாங்குறது, மாவட்டத்துக்கு கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்னு அதுல வரவு இருக்கும், இன்டென்ட், அதான் தேவைப்பட்டியல், போட்டு எடுக்க எடுக்கக் கழியும். அந்த பாஸ்புக்கைத் தூக்கிக்கிட்டு கிடங்குக்குப் போயி அட்டைப்பெட்டி எண்ணி ஏத்துன ஆள் நானு. இந்த முறையைப் பாத்துட்டுத்தான் கேரளா, ராஜஸ்தான் எல்லாம் தங்களுக்கும் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நம்மூர்ல இதைப் பத்தி யாரும் பெருமையா பேசி நான் கேட்டதில்ல.

பவர் விஷயத்துக்கு வர்றேன். கிடங்குக்கு வர்ற ஒவ்வொரு பேட்ச்சுலயும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க, அனுப்புறப்ப கம்பெனி பேரை மறைச்சு ஒரு கோடு நம்பர் மட்டும் போட்டு அனுப்புவாங்க, லேப்காரனுக்கே இது யாரோட மாத்திரைன்னு தெரியாது. பாஸ் ஆனாத்தான் ஆஸ்பத்திரிக்கு வரும். ஃபெயில் ஆனா கம்பெனியைக் கருப்புப் பட்டியல்ல போடுறதும் உண்டு. நீங்க கடையில வாங்குற பட்டைக்கு இப்படி ஒவ்வொரு பேட்ச்சும் யார் பாக்குறா?

அப்புறம் ஏன் ஜனங்க நம்ப மாட்றாங்க? பட்டையில கலர் இல்ல, பளபளப்பு இல்ல, "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல"ன்னு போட்டிருக்கு. ஓசியில வந்ததுக்கு மதிப்பு இல்லங்கறது நம்ம ஜனங்க ரத்தத்துலயே ஊறினது. நிஜமான கோளாறு மாத்திரையில இல்ல, ஜன்னல்ல இருக்கு. கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல், வெளிய நூறு பேர், உள்ள ஒருத்தரோ ரெண்டு பேரோ. சீட்டை நீட்டுவாங்க, நாங்க பட்டையை எண்ணி நறுக்கி கையில போட்டு "காலைல ஒண்ணு நைட் ஒண்ணு"ம்போம், அதுக்குள்ள பின்னாடி இருக்கறவரு முழங்கையை உள்ள விட்டிருப்பாரு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்ன பண்ணும்? போன மாசம் வெள்ளை மாத்திரை குடுத்தாங்க, இந்த மாசம் டெண்டர் மாறி வேற கம்பெனி, அது கொஞ்சம் பெருசா இருக்கு, பாட்டி ரெண்டும் வேற வேற மருந்துன்னு நெனச்சு ரெண்டையும் சேர்த்து முழுங்கிட்டு மயக்கமாகி மறுபடி அங்கயே வரும். "ஜிஎச் மாத்திரை ஆகல"ன்னு ஊர் முழுக்கப் பேச்சாயிடும். மருந்துக்குச் செலவு பண்ற அரசு அதை எடுத்துச் சொல்ற ஆளுக்கும் கொஞ்சம் செலவு பண்ணணும், ஒவ்வொரு ஜன்னலுக்கும் கூட ஒரு ஆள் போட்டாலே போதும், இதை மீட்டிங்ல சொல்லி சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

சில நேரம் ஸ்டாக் இருக்காது, "வெளிய வாங்கிக்கோங்க"ன்னு சீட்டு குடுப்பாங்க, அதுவும் நடக்குதுதான். அப்ப அந்த மருந்து எப்ப வரும்னு கேளுங்க, இல்லன்னா உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க. சுகர், பிரஷர் மாத்திரைக்கு மாசா மாசம் பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கவே வேண்டாம், மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்களே, அதுல பேர் குடுத்தா வீட்டுக்கே வந்து பிபி பாத்து மாத்திரை குடுப்பாங்க.

எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பிரசவம். ஆம்பளப் புள்ளன்னதும் வார்டு ஆயாம்மா குழந்தையைத் துணியில சுத்திக் கையில வச்சுக்கிட்டே 1,000 ரூபா குடுத்தாத்தான் காட்டுவேன்னாங்க. பொட்டப்புள்ளன்னா ரேட்டு கம்மியாம். ஸ்ட்ரெச்சர் தள்ள 200. குடுத்துட்டோம். புகார் பண்ணினா பொண்ணை ஒழுங்கா கவனிக்க மாட்டாங்களோன்னு பயம். – பெயரும் ஊரும் வேண்டாம்

படிச்சதும் ஆத்திரமா வருது. இது புதுசு இல்ல, நான் சர்வீஸ்ல சேர்ந்த காலத்துலயே இருந்துச்சு, ரேட்டுதான் ஏறியிருக்கு. துப்புரவு வேலை, ஸ்ட்ரெச்சர் வேலை எல்லாம் இப்ப கான்ட்ராக்ட்டுல ஓடுது, அவங்களுக்கு வர்ற சம்பளம் ரொம்பக் கம்மி, அதுவும் தேதிக்கு வராது, எல்லாம் தெரியும். அதுக்காக பெத்தவகிட்ட குழந்தையைக் காட்ட பேரம் பேசுறதா? சம்பளப் பிரச்சினைக்கு கான்ட்ராக்டரைக் கேக்கணும், வலியில கெடக்குற பொண்ணோட அம்மாகிட்ட இல்ல.

நீங்க பயந்தது நியாயம். நம்ம ஜனங்கள்ல நூத்துக்கு 99 பேர் அப்படித்தான் குடுத்துட்டுப் பேசாம வந்துடுவாங்க. அதனால டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தப்புறம் புகார் குடுங்க, ஒண்ணும் கெட்டுப்போகல. மொட்டையா "ஆயா காசு வாங்குறாங்க"ன்னு எழுதினா குப்பைக்குப் போயிடும். எந்த வார்டு, எந்தத் தேதி, காலை ஷிஃப்டா நைட் ஷிஃப்டா, எவ்வளவு கேட்டாங்க, அட்மிட் ஆனப்ப போட்ட ஐபி நம்பர் என்ன, இதெல்லாம் போட்டு நிலைய மருத்துவ அதிகாரிக்கு, அதான் ஆர்எம்ஓ, ஒரு காப்பி, டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ ஒரு காப்பி. சுகாதாரத் துறை உதவி எண் 104-க்குப் போன் பண்ணியும் சொல்லலாம், முதல்வரோட உதவி மையம் 1100-லயும் பதிவு பண்ணலாம், மனு நம்பர் குடுப்பாங்க, அதைக் குறிச்சு வச்சுக்கோங்க. தேதியும் ஷிஃப்டும் இருந்துச்சுன்னா டியூட்டி ரிஜிஸ்டரைத் தொறந்தா ஆள் யாருன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும், அப்புறம் "எங்களுக்குத் தெரியாது"ன்னு யாராலயும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு. ஜிஎச்சைப் பத்தி ஜனங்க வெளிய போய்ப் பேசுறதுல பாதி இந்த 200 ரூபா பத்தித்தான். டாக்டர் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன் பண்ணித் தாயையும் புள்ளையையும் காப்பாத்தியிருப்பாரு, அதை ஒரு வார்த்தையில சொல்லிட்டு, ஸ்ட்ரெச்சர் தள்ளுனவர் கேட்ட காசை ஒரு மணி நேரம் பேசுவாங்க. ஜனங்க மேல தப்பு இல்ல. வைத்தியம் சரியா தப்பான்னு நமக்குப் பாக்கத் தெரியாது, மரியாதையா நடத்துனாங்களா இல்லையான்னு நல்லாவே தெரியும்.

முதல்வர் காப்பீட்டு கார்டு வச்சிருக்கோம். ஆபரேஷனுக்கு பிரைவேட் ஆஸ்பத்திரி போனா கார்டும் வாங்கிக்கிட்டு மேல 40,000 கட்டச் சொல்றாங்க. இது சரியா? – வாசகர், திருச்சி

திட்டத்துல இருக்குற ஆபரேஷன்னா சரி கிடையாது. அந்த ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு ஒரு பேக்கேஜ் பேசி வச்சிருக்காங்க, ரூம், மருந்து, டெஸ்ட் எல்லாம் அதுக்குள்ளதான். ஆஸ்பத்திரிக்காரங்க "அந்த ரேட்டு எங்களுக்குக் கட்டுப்படியாகல"ன்னு சொல்லுவாங்க, சில ஆபரேஷனுக்கு அது உண்மையும் கூட, ஆனா அதை அவங்க அரசுகிட்டப் பேசணும், உங்க பாக்கெட்டுல கை விடக்கூடாது. கட்டுறதுக்கு முன்னாடி ரசீது கேளுங்க, ரசீதுன்ன உடனே பாதி ஆஸ்பத்திரி பின்வாங்கிடும். அங்கயே காப்பீட்டுத் திட்டத்துக்குன்னு ஒரு டேபிள் போட்டு ஆள் இருப்பாங்க, அவங்ககிட்ட அனுமதி வந்துடுச்சான்னு கேளுங்க, அனுமதி வர்றதுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட்டுக்குத்தான் காசுன்னு நைசா பில்லுல சேத்துடுவாங்க, அதையும் கேளுங்க. மசியலன்னா 1800 425 3993, இலவச நம்பர், ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு சத்தமா பேசுங்க.

கார்டு இல்லாதவங்களுக்கு: குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்குப் போகணும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். வெறுமனே ஓபில காட்டி மாத்திரை வாங்கறதுக்கு எல்லாம் இது வராது, பெரும்பாலும் அட்மிட் ஆகணும்.

இந்தத் திட்டம் 2009-ல கலைஞர் காப்பீடா வந்துச்சு, 2012-ல பேர் மாறி விரிவாச்சு, 2018-ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் வந்து ஒட்டிக்கிச்சு. ஆட்சி மாறினா போட்டோ மாறும், திட்டம் ஓடும், நம்மூர் ஸ்டைல். ஆனா எனக்கு ஒரு உறுத்தல் எப்பவுமே உண்டு. அரசு காசு பிரீமியமா போயி பிரைவேட்டுக்குப் பில்லா போகுது, அதே காசு ஜிஎச் தியேட்டருக்குப் போயிருந்தா அந்தத் தியேட்டர் நாளைக்கும் இருக்கும்ல? "ஜிஎச்ல இதயத்துக்கு ஆறு மாசம் வெயிட்டிங், அதுவரை உயிரோட இருக்கணும்ல"ன்னு எதிர்ல நிக்கிறவரு கேட்டா எனக்குப் பதில் இல்ல, அதுவும் வாஸ்தவம்.

ஒரு உபகாரம் பண்ணுங்க. ஜிஎச்ல சேர்ந்தாலும் அந்தக் கார்டைக் குடுங்க. "இங்கதான் எல்லாம் இலவசமாச்சே, எதுக்குக் கார்டு"ன்னு ஜனங்க பையிலயே வச்சுக்கிறாங்க. நீங்க கார்டு குடுத்தா காப்பீட்டுப் பணம் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே வரும், அதுல உபகரணம் வாங்குவாங்க, ஸ்கேனுக்கு நீங்க கட்டுற காசும் மிச்சம் ஆகலாம். ஜிஎச்ல சிடி ஸ்கேனுக்கு 500, எம்ஆர்ஐக்கு 2,500-ன்னு வாங்குறாங்கல்ல, அதைத்தான் சொல்றேன்.

ஆக்சிடென்ட் ஆனா கார்டு இல்லாம பிரைவேட்ல பாப்பாங்களா? – வாசகர், கிருஷ்ணகிரி

பாப்பாங்க. இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48, 2021 டிசம்பர்ல வந்த திட்டம். திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரின்னா முதல் 48 மணி நேரம் இலவசம், ஆரம்பிச்சப்ப 1 லட்சம் வரைக்கும்னு வச்சாங்க. கார்டு வேண்டாம், பீகார்க்காரரா இருந்தாலும் சரி, வருமானமும் கேக்கக்கூடாது. ஹைவேஸ்ல வண்டி ஓட்டுற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

அமைச்சருங்க எல்லாம் ஏன் ஜிஎச்ல போய்ச் சேர்றதில்ல? – வாசகர், காஞ்சிபுரம்

எப்பவாவது ஒரு பெண் கலெக்டர் ஜிஎச்ல பிரசவம் பாத்துக்கிட்டா அன்னைக்கு எல்லா சேனல்லயும் அது பிளாஷ் நியூஸ். அது நியூஸா இருக்கறதுதான் உங்க கேள்விக்குப் பதில்.

சர்வே எடுத்தா அரசு ஆஸ்பத்திரியில பெரும்பாலான நோயாளிங்க திருப்தின்னு வருதாம். நான் பாத்த யாருமே திருப்தியா இல்லையே. யாரைக் கேட்டு எடுக்குறாங்க? – கல்லூரி மாணவி, சென்னை

நல்ல கேள்விம்மா, இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

வார்டுல, கட்டில் பக்கத்துல போய், கழுத்துல ஐடி கார்டு மாட்டுன ஒருத்தர் "கவனிப்பு எப்படிங்க இருக்கு"ன்னு கேட்டா யார் என்ன சொல்லுவாங்க? தையல் இன்னும் பிரிக்கல, நாளைக்கும் அதே சிஸ்டர்தான் ஊசி போடணும். "நல்லா பாக்குறாங்க சார்"னுதான் வரும். அதே ஆள் பஸ் ஏறுனதும் பேச்சு மாறும். நான் கவுன்டர்ல இருந்தப்ப எங்க ஜன்னல் பக்கத்துல புகார்ப் பெட்டி தொங்கும், பூட்டுல துரு ஏறி சாவியே உள்ள போகாது, அதுக்கு மேல "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு எழுதியிருக்கும். 2016-ல மத்திய அரசு மேரா அஸ்பதால்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தவங்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் போனும் வரும், சுத்தம் எப்படி, ஸ்டாஃப் நடந்துக்கிட்டது எப்படின்னு கேக்கும். வீட்டுக்குப் போனப்புறம் கேக்கறது நல்ல யோசனைதான். ஆனா இந்திப் பேர்ல வர்ற மெசேஜை நம்ம பெருசுங்க லோன் கம்பெனின்னு நெனச்சு டெலீட் பண்ணியிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொரு விதமாவும் கேக்குறாங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. தேசிய குடும்ப நல சர்வேன்னு வீடு வீடா வர்றாங்க இல்ல, அதுல "உடம்பு சரியில்லன்னா பொதுவா எங்க போவீங்க, அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா ஏன்"னு கேப்பாங்க. நாடு முழுக்க கிட்டத்தட்ட பாதி வீடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போறதில்லன்னு சொல்லுது. காரணம் என்னன்னு பாத்தா வைத்தியம் தரமா இல்ல, காத்திருக்க வைக்கிறாங்க, பக்கத்துல ஆஸ்பத்திரி இல்ல, இந்த மூணும்தான் முன்னாடி நிக்குது. பக்கத்துல இல்லன்னா கட்டடம் கட்டிடலாம். மத்த ரெண்டுக்கும் ஆள் வேணும், ஆளுக்கு நேரம் வேணும், அது ரிப்பன் வெட்டித் தொறக்குற சமாச்சாரம் இல்ல, அதனாலதான் தள்ளித் தள்ளிப் போகுது.

சரி, தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு எண் பாருங்க. அதே சர்வேயோட 2019-21 சுற்றுல இங்க 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியில, அதுல மூணுல ரெண்டு பங்கு அரசு ஆஸ்பத்திரியில. வாயால திட்டிக்கிட்டே காலால அங்கதான் போறாங்க. சிசேரியன் பிரைவேட்ல 64 சதவீதம்கிட்ட, அரசுல 36. (36-ம் அதிகம்தான், அது தனிக் கதை.) செலவும் பாருங்க, இது நாடு முழுக்க எடுத்த கணக்கு, 2017-18 தேசிய மாதிரி ஆய்வுல பிரசவம் நீங்கலா ஒரு தடவை படுத்து எழுந்திரிக்க அரசு ஆஸ்பத்திரியில சராசரி 4,452 ரூபா வைத்தியச் செலவு, பிரைவேட்ல 31,845. இலவசம்ங்கற இடத்துலயே 4,452 ஆகுதுன்னா, மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கோங்க. நாட்டு மொத்த சுகாதாரச் செலவுல ஜனங்க கையில இருந்து போறது 2013-14-ல 64 சதவீதம், 2021-22-ல 39-ஆ குறைஞ்சிருக்கு, நல்லதுதான், ஆனா நகையை அடகு வச்சவங்களுக்கு சதவீதம் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

அதனால திருப்தியான்னு கேக்காதீங்க, அது மழுப்புற கேள்வி. "டாக்டர் உங்களுக்கு என்ன வியாதின்னு சொன்னாரா? எத்தனை மணி நேரம் நின்னீங்க? யாராவது காசு கேட்டாங்களா? மறுபடி உடம்பு சரியில்லன்னா இங்கயே வருவீங்களா?" இப்படிக் கேட்டா உண்மை தானா வரும். நீங்க காலேஜ்ல புராஜெக்ட் பண்றதா இருந்தா ஆஸ்பத்திரிக்குள்ள கேக்காதீங்க, எதிர்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்து கேளுங்க.

டாக்டர் தொட்டுக்கூடப் பாக்கல, தலையையே நிமிர்த்தல, எழுதிக் குடுத்துட்டாரு. இதுக்கா விடியக்காலையில வந்து வரிசையில நின்னேன்? – வாசகர், கோவை

தொட்டுப் பாக்கல, இது நம்ம ஜனங்களோட பழைய குறை, நியாயமான குறை. ஓபில ஒரு டாக்டர் ஒரு காலைல நூறு பேரைத் தாண்டிப் பாக்குற இடம் இருக்கு, மூணு மணி நேரம்னா கணக்குப் பண்ணுங்க, ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கூட இல்ல. உங்க பங்குக்கு ஒண்ணு பண்ணலாம், சளி காய்ச்சலுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கூட்டம் கம்மி, அங்க தொட்டும் பாப்பாங்க, பேசவும் செய்வாங்க. கஷ்டமான கேஸுன்னா அவங்களே சீட்டு எழுதி மேல அனுப்புவாங்க.

நான் அரசு மருத்துவமனை நர்ஸ். எல்லாரும் எங்களைத்தான் திட்டுறாங்க, சில சமயம் அடிக்கவும் வர்றாங்க. எங்க பக்கத்தை யார் கேப்பாங்க? – வாசகி, டெல்டா மாவட்டம்

நான் கேக்குறேன்மா. 2024 நவம்பர்ல சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரை ஒரு நோயாளியோட மகன் கத்தியால குத்துனப்ப நாடே பேசுச்சு, ரெண்டு வாரத்துல மறந்துட்டாங்க. ஆஸ்பத்திரி ஊழியர் மேல கை வைக்கிறதுக்குத் தனிச் சட்டமே 2008-ல இருந்து இருக்கு, அது இருக்கறது பாதி போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரியாது. தொகுப்பூதியத்துல வருஷக்கணக்கா வேலை பாத்துக்கிட்டு, ரெண்டு வார்டுக்கு ஒருத்தரா நைட் டியூட்டி ஓட்டுற நர்ஸுங்க நெலைமை எனக்கு நல்லாத் தெரியும்.

ஆனா உரிமையோட ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஐசியூ வாசல்ல ராத்திரி பூரா உக்காந்திருக்கறவங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு யாரும் சொல்றதில்ல. கதவு தொறக்கும், ஒருத்தர் வேகமா வெளிய போவாரு, இவங்க எழுந்து ஓடுவாங்க, "இருங்க இருங்க"ன்னுட்டுப் போயிடுவாரு. அந்த "இருங்க"தான் விடியறதுக்குள்ள ஆத்திரமா மாறுது. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, குறிச்ச நேரத்துல ஒருத்தர் வெளிய வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு நெலைமையைச் சொல்லணும்னு ஒரு வழக்கம் வச்சாலே பாதி சண்டை இருக்காது. அது நர்ஸ் தலையில கட்டுற வேலை இல்ல, அதுக்குன்னு ஒரு ஆள் போடணும்.

மலேசியாவுல அரசு கிளினிக்ல 1 ரிங்கிட் கட்டுறோம், மருந்தோட சேர்த்து. அங்க ஏன் அது கூட வாங்கறதில்ல? வாங்குனா தரம் ஏறுமே? – வாசகர், கிள்ளான்

1 ரிங்கிட் வாங்கி உங்க அரசு அந்தக் கிளினிக்கை நடத்தலைங்க, மிச்சமெல்லாம் வரிப்பணம். தாய்லாந்துலயும் 2002-ல நாடு முழுக்க 30 பாட் திட்டம் கொண்டு வந்தாங்க, ஒரு தடவைக்கு 30 பாட், ஆனா அதை ஓட்டுறது அரசு ஆஸ்பத்திரிக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு தலைக்கணக்குப் போட்டுக் குடுக்குற பணம்தான். எங்க ஊர்ல டோக்கன் காசுன்னு 10 ரூபா வச்சா அதைக் கட்ட முடியாத பாட்டி வராம போயிடும், அந்தப் பத்து ரூபாயை வசூல் பண்ண கவுன்டரும் ஆளும் வச்சா அதுக்கே காசு சரியாப் போயிடும். நாங்களும் சும்மா ஒண்ணும் வாங்கல, சோப்பு வாங்குனாலும் வரி கட்டிட்டுத்தான் வர்றோம். அந்தக் கணக்கை நாங்க கேக்கறதில்ல, அதான் இங்க வித்தியாசம்.

டிஸ்சார்ஜ் ஆனப்ப ஒரு பேப்பர் குடுத்தாங்க, வீடு மாத்துறப்ப தொலைஞ்சு போச்சு. மறுபடி வாங்க முடியுமா? – வாசகி, வேலூர்

முடியும். ஐபி நம்பர் ஞாபகம் இருந்தா சுலபம், இல்லன்னா அட்மிட் ஆன தேதியும் வார்டும் சொல்லி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன்ல எழுதிக் குடுங்க, தேடி எடுத்துக் காப்பி தருவாங்க, ரெண்டு தடவை அலைய விடுவாங்க, அசராம போங்க. கெடச்சதும் முதல் வேலையா செல்போன்ல போட்டோ எடுத்து மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சுடுங்க, ரெண்டு பக்கமும் எடுங்க, பின்பக்கத்துலதான் மருந்து எழுதியிருப்பாங்க.